விண்வெளியில் நான் கொன்ற மாப்பிள்ளை

என் வாழ்க்கையில் நான் ஒரே ஓர் ஆளைத்தான் கொன்றிருக்கிறேன். அவர் இன்றைக்கும் தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு எனக்கு வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். கொலை நடந்த இடம், மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபம். சாட்சிகள் ஏராளம். என் மனைவி உட்பட ஒருவர்கூட எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லத் தயாராக இல்லை.

நான் அந்தத் தோட்டத்தில் கிராணி. அதாவது ஆபீஸ் குமாஸ்தா. துரைமார் போய் மேனேஜர் வந்து, பேனா போய் கணினி வந்து, எல்லாம் மாறிய பிறகும் எங்கள் ஊரில் ஆபீசில் உட்காருகிறவன் கிராணிதான். பகலில் வேலை, மீதி நேரத்தில் எழுத்தாளன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் என் சிறுகதைகள் வந்திருந்தன. (எத்தனை என்று கேட்காதீர்கள். சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.) எல்லாக் கதைகளிலும் கடைசியில் யாராவது ஒருவர் செத்துப்போவார். சாவு இல்லாமல் இலக்கியம் இல்லை என்று அப்போது நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கமலாவின் தம்பி குமரன், கியா பார்மில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். லீவு நாளில் அவன் டைரக்டர். ஒரு கைப்பேசி, பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு ஸ்டாண்டு, தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் பேர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'மூடுபனிக் கோள்' என்று ஓர் அறிவியல் புனைவுத் தொடரை எடுத்து இணையத்தில் விட்டான். தூரத்துக் கோள் ஒன்றில் எரிபொருள் தீர்ந்துபோகிறது. தேயிலையைப் போட்டால் விண்கலம் ஓடும் என்று கண்டுபிடித்து, அந்தக் கோளின் படை எங்கள் தோட்டத்தில் வந்து இறங்குகிறது. தோட்டத்து இளைஞன் ஒருவன் அவர்களைத் தடுக்கிறான். இதுதான் கதை. விண்கலமாக நடித்தது ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி. வேற்றுக்கோள் வீரர்களின் தலைக்கவசம், கோயில் அன்னதானச் சட்டிகளின் மூடி. (பூசைக்கு முன்னால் கழுவித் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.) மூடுபனிக்கு மட்டும் செலவே இல்லை. மத்தியானம் ஆனால் அது தானாக வந்து நிற்கும்.

தொடர் நன்றாக ஓடியது. வார இறுதியில் மலைக்கு வருகிற குடும்பங்கள் ஸ்ட்ராபெரி வாங்கிய கையோடு எங்கள் தண்ணீர்த் தொட்டியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போயின. தோட்டத்து மேனேஜரே ஒருநாள் வந்து தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தொடரில் எல்லாருக்கும் அவரவர் சொந்தப் பெயர்தான். முதலில் குமரன் ஆர்யன், ருத்ரன் என்றெல்லாம் பெயர் வைத்துப் பார்த்தான். "ஆர்யன், ஓடு!" என்று அவன் கத்தினால் யாரும் ஓடவில்லை. யாரைக் கூப்பிடுகிறான் என்று எல்லாரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அதனால் கதாநாயகனாக நடித்த எங்கள் தோட்டத்துச் சிவநேசனின் பெயர் கதையிலும் சிவநேசன். வேற்றுக்கோள் தளபதியாக வந்த டிராக்டர் டிரைவர் முனியாண்டியின் பெயர், அந்தக் கோளிலும் முனியாண்டிதான். கதாநாயகனின் அம்மாவாக நடித்தது சிவாவின் சொந்த அம்மா பார்வதி அக்கா. கொழுந்து பறித்து ஒற்றை ஆளாக அவனை வளர்த்தவர். "எம்புள்ளைக்கு வேற ஒருத்தி அம்மாவா நிப்பாளா? நான் என்னா செத்தா போயிட்டேன்?" என்று கேட்டு வாய்ப்பை வாங்கிக்கொண்டார்.

தொடரின் பாதியில் சிவாவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. போய்விட்டான். குமரனுக்கு வேறு வழியில்லை. சிவா மூடுபனிக்குள் நடந்து போகும் பழைய காட்சி ஒன்றைப் போட்டு, அப்படியே விட்டுவிட்டான். "சிவா எங்கே?" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் குமரன் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, பேசாம இத நீங்க ஒரு நாவலா எழுதிருங்க லா."

"நாவலா? ஏன்டா?"

"நாவல்ல நடிக்க சிவா லீவு கேக்க வேணாம்ல?"

இப்படியாக நான் நாவலாசிரியன் ஆனேன். கைப்பேசியில் தொடரை ஓடவிட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓடவிட்டு எழுதினேன். காணொளியில் கண்சிமிட்டும் நேரத்தில் போகிற காட்சிக்கு நான் பக்கம் பக்கமாக மனவோட்டம் எழுதினேன். முனியாண்டி ஓர் இடத்தில் வசனம் மறந்துபோய்ப் பேந்தப் பேந்த விழிப்பார். நான் அதை, தாய்க்கோளைப் பிரிந்தவனின் ஆறாத் தனிமை என்று எழுதினேன். பார்வதி அக்கா ஒரு காட்சியில் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். அடுப்பில் வைத்த சோறு கருகுகிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான். நான் அதில் ஒரு தாயின் முன்னுணர்வைக் கண்டேன். குறுக்கே போன நாய்க்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்தேன்.

பனிக்குள் போன சிவாவை என்ன செய்வது? எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. கொன்றேன். சும்மா கொல்லவில்லை, விமரிசையாகக் கொன்றேன். தளபதி முனியாண்டியின் ஒளிவாள் பாய்கிறது, சிவா தேயிலைச் செடிகளுக்கு நடுவே சாய்கிறான், அம்மா ஓடி வருகிறாள், மாரடித்து அழுகிறாள், தோட்டமே கூடி அவனைச் சுமந்து போகிறது. எழுதி முடித்துவிட்டு நானே கொஞ்சம் அழுதேன். என் எழுத்தைப் படித்து நான் அழுவது அப்போது அடிக்கடி நடக்கும்.

கையெழுத்துப் பிரதியை ஊரில் எல்லாருக்கும் கொடுத்தேன். எல்லாரும் "சூப்பர் லா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். உண்மையில் அதைப் படித்தவள் கமலா ஒருத்திதான்.

"என்னாங்க, பேரையாச்சும் மாத்துங்க. உசுரோட இருக்கற புள்ளைய இப்படியா எழுதறது?"

"பேர மாத்துனா மண்வாசனை போயிரும் கமலா."

"பார்வதி அக்கா படிச்சாங்கன்னா ஒங்கள மண்ணுக்குள்ளயே வெச்சிருவாங்க. நல்லா வாசனை புடிங்க."

நான் சிரித்தேன். இலக்கியம் தெரியாத பெண் என்று மனசுக்குள் இரக்கப்பட்டேன். (அந்த இரக்கத்தை நான் வெளியே சொல்லாமல் இருந்ததுதான் அந்த வருடத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.)

நாவல் அச்சில் இருக்கும்போது சிவாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண், தாப்பாவைச் சேர்ந்த யாழினி. தொடரைப் பார்த்துத்தான் அவளுக்கு அவனைப் பிடித்ததாம். பெண்ணின் அப்பா அருணாசலம், டயர் கடை வைத்திருப்பவர். சகுனம் பார்க்காமல் கடைக் கதவைக்கூடத் திறக்காத மனிதர் என்று சொன்னார்கள். பார்வதி அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"கிராணி தம்பி, ஒங்க பொஸ்தக வெளியீடு அன்னிக்கே கல்யாணக் கார்ட ஆத்தா காலடியில வெச்சிர்றேன். சம்பந்தி வீட்டுக்காரங்களும் வர்றாங்க. மாப்ள கத பொஸ்தகத்துல வந்திருக்குன்னு அவங்களும் பாக்கட்டும். எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான் தம்பி. இந்தக் கல்யாணம் நல்லபடியா நடந்துட்டா போதும்."

அந்த நிமிடம் எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது வேறு: தாப்பாவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தால் மண்டபம் நிறையும். "ரொம்ப சந்தோசம்க்கா," என்றேன்.

விழா நாள் வந்தது. காலையில் மஞ்சள் தடவிய முதல் கல்யாணப் பத்திரிகையை அம்மன் காலடியில் வைத்துப் பூசை போட்டார்கள். லீவில் வந்திருந்த சிவா பட்டு வேட்டியில் நின்றான். பிறகு, சிங்கப்பூரிலிருந்து வரும் நண்பனை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு தானா ராத்தா பஸ் நிலையத்துக்குப் போனான். சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னான். அன்று விடுமுறை நாள். விடுமுறை நாளில் கியா பார்ம் சுற்றுலா நெரிசல் வழியாகச் சீக்கிரம் வந்தவர் எங்கள் மலையில் இதுவரை பிறக்கவில்லை.

மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் அருணாசலமும் அவர் வீட்டாரும். பக்கத்தில் பார்வதி அக்கா புதுப்புடவையில், மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு. வாசலோரம் எங்கள் தோட்டத்து உறுமி மேளக் குழு. வரவேற்புக்கு நான்தான் அழைத்திருந்தேன். எல்லார் கையிலும் புதுப் புத்தகம். பேச்செல்லாம் முடிந்ததும், நாவலின் உச்ச அத்தியாயத்தை வாசிக்க முனியாண்டியை மேடைக்கு அழைத்தேன். அவருக்குத்தான் கணீரென்ற குரல். ஒத்திகை வேண்டாம், உணர்ச்சி புதுசாக இருக்கட்டும் என்று நானே சொல்லியிருந்தேன்.

முனியாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பீரமாக ஆரம்பித்தார். "தளபதி முனியாண்டியின் ஒளிவாள் சிவநேசனின் நெஞ்சில் பாய்ந்தது..." சட்டென்று நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அலாமா! நானா கிராணியாரே?"

"படிங்க, படிங்க," என்று சைகை காட்டினேன். கூட்டம் சிரித்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் தொடர்ந்தார். ஆள் நல்லவர். கொடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டார். "பார்வதியின் ஒரே மகன் சாய்ந்தான். மணமாலை சூட வேண்டிய கழுத்தில் பிணமாலை விழுந்தது. தாலி கட்ட வேண்டிய கைகள் நெஞ்சின் மேல் குவிந்து கிடந்தன..."

மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையைப் பார்த்தேன். அருணாசலத்தின் முகம் அவர் விற்கும் டயர் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கமலா இரண்டாம் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டாள்.

முனியாண்டி குரல் தழுதழுக்க, மாரடிக்கிற பகுதிக்கு வந்தார். அந்தக் கணீர்க்குரலில் அழுகை சேர்ந்ததும், வாசலோரம் இருந்த மேளக்காரர்களுக்குக் கை தானாகவே வேலை செய்தது. அவர்கள் தோட்டத்தில் எத்தனையோ பேரை வழியனுப்பியவர்கள். அழுகைச் சத்தம் கேட்டால் எந்த அடி அடிப்பது என்று யோசிக்க மாட்டார்கள். சாவு மேளம் மண்டபத்தை நிறைத்தது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்த அடி கேட்டால் யாரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள். விழாவுக்கு வராமல் வீட்டில் படுத்திருந்தவர்களெல்லாம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். "யாரு? யாருப்பா?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். "சிவாவாம்," என்று யாரோ பதில் சொன்னார். ஒரு பெரியம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டார்.

பார்வதி அக்கா எழுந்தார். மடியிலிருந்த பத்திரிகைகள் தரையில் சிதறின. "எம்புள்ள கார எடுத்துட்டுப் போனானே! இந்தப் பனியில போனானே!" கைப்பேசியில் மகனைக் கூப்பிட்டார். மலை வளைவில் லைன் கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். கிடைக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. கதையில் நான் எழுதிய அம்மாவின் அழுகை அத்தனையும் பொய் என்று தெரிந்தது. 

அருணாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். "கார்டு ஆத்தா காலடியில இருக்கு. இங்க மாப்ளைக்குக் கருமாதி நடக்குது. இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்? எல்லாம் வேன்ல ஏறுங்க. போலாம்."

நான் பாய்ந்து முனியாண்டி கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். "அண்ணே, ஒக்காருங்க! அத்தியாயம் இன்னும் முடியல!" அத்தியாயம் முடிந்திருந்தது. புத்தகத்தைப் பிரித்து, கடைசியில் இருந்த வெற்றுத்தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். "அப்போது... சிவநேசன்... மெல்லக் கண்ணைத் திறந்தான். ஏனென்றால்... ஒளிவாளில் சார்ஜ் இல்லை."

"ஆமா, ஆமா!" என்று முனியாண்டி பக்கத்திலிருந்து கத்தினார். "நான் சார்ஜு போட மறந்துட்டேன்! நான் கொல்லல! சும்மா தொட்டேன், அவ்ளோதான்!"

"தேத்தண்ணி குடுங்க மாமா!" என்று குமரன் கூட்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். "அவனுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்க, எந்திரிச்சிருவான்!"

"உடனே பார்வதி அக்கா சூடாக ஒரு தேநீர்..."

"சீனி கொறச்சு," என்று ஒரு குரல் வந்தது. பார்த்தால் மணப்பெண் யாழினி. அவள் வேனுக்குப் போகவில்லை. நாற்காலியிலேயே அழுத்தமாக உட்கார்ந்திருந்தாள். "அவருக்குச் சீனி கொறச்சுதான் புடிக்கும். அப்பா, கொஞ்சம் ஒக்காருங்கப்பா. கத முடியட்டும்."

அருணாசலம் உட்காரவில்லை. ஆனால் நடப்பதை நிறுத்தினார். நான் வியர்த்து விறுவிறுத்து, சிவாவை விண்கலத்தில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில் வெளியே ஒரு முட்டைக்கோஸ் லோரி வந்து நின்றிருக்கிறது. ஜாமில் காரை நண்பனிடம் விட்டுவிட்டு, நெரிசலை நடந்தே தாண்டி, அங்கே கிடைத்த லோரியில் தொற்றிக்கொண்டு வந்த சிவா, பட்டு வேட்டியெல்லாம் கோஸ் இலையோடு இறங்கியிருக்கிறான். வாசலில் துண்டு போட்ட கூட்டத்தையும் மேளத்தையும் பார்த்ததும் பயல் பதறிவிட்டான். பனியில் முகம் சரியாகத் தெரியாத ஒருவரிடம் போய்க் கேட்டிருக்கிறான்.

"யாருண்ணே தவறிட்டாங்க?"

"நம்ம சிவாப்பா. பார்வதி மவன்."

"ஐயையோ!" என்று இவன் தலையில் கை வைத்து, இரண்டு அடி நடந்து, பிறகு நின்றிருக்கிறான். "எந்தப் பார்வதி?"

அவன் மண்டபத்துக்குள் நுழைந்த அந்தக் காட்சியை நான் எந்த நாவலிலும் எழுத முடியாது. வெள்ளைப் பனி அவனோடு உள்ளே வந்தது. பார்வதி அக்கா ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து, முத்தம் கொடுத்து, உடனே முதுகில் ஓர் அறையும் வைத்தார். மேளக்காரர்கள் நொடியில் அடியை மாற்றித் தைப்பூசத்து அடி அடித்தார்கள். சாவுக்கு வந்த ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினார்கள். யாழினி சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், இந்தத் தடவை என் எழுத்துக்காக இல்லை.

அருணாசலம் மட்டும் அசையவில்லை. "ஆளு வந்துட்டாரு, சந்தோசம். ஆனா அச்சுல செத்துக் கெடக்கறாரே? அதுவும் ஆத்தா மண்டபத்துல."

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் அம்மனைப் பார்த்தேன். பார்வதி அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் ஒரு புத்தகத்தை எடுத்தார். "எந்தப் பக்கம், கிராணி தம்பி?" சொன்னேன். கொழுந்து கிள்ளுகிற அதே விரலால், தையல் பிரியாமல், ஓரம் கிழியாமல், ஒரே சுண்டில் அந்தத் தாள்களை எடுத்துவிட்டார். "ஏ, வாங்கடி!" என்றார். தோட்டத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொழுந்து பறிக்க மிஷின் வந்த பிறகும் அந்த விரல்களுக்கு வேகம் குறையவில்லை. மண்டபத்திலிருந்த அத்தனை பிரதிகளிலும் என் உச்ச அத்தியாயம் பறிக்கப்பட்டு, கூடையில் விழுந்தது. அருணாசலமும் ஒரு பிரதியை வாங்கிக் கிழித்துப் பார்த்தார். அவர் கிழித்ததில் அட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. பெண்கள் சிரித்ததில் அவரும் சிரித்துவிட்டார். கல்யாணம் அங்கேயே மறுபடி நிச்சயமானது.

பிறகு பலகாரம் கொடுத்தார்கள். மசால் வடைக்குத் தாள் போதவில்லை என்று யாரோ சொன்னார்கள். கூடை பக்கத்திலேயே இருந்தது. நான் கண்ணீர் விட்டு எழுதிய அத்தியாயம் அன்று எண்ணெய் பிழியப் பயன்பட்டது. என் கைக்கு வந்த வடை, 'மணமாலை சூட வேண்டிய கழுத்தில்' என்ற வரியில் சுற்றியிருந்தது. வடை நன்றாகவே இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தியாயம் போன பிறகு நாவல் தேறிவிட்டது. சிவா பனிக்குள் போகிறான். அடுத்த பக்கத்தில் அம்மா தேநீர் ஆற்றிக்கொண்டு காத்திருக்கிறாள். "ஆசிரியர் சொல்லாமல் விட்ட இடமே நாவலின் உயிர்" என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதைக் கமலா வெட்டி எடுத்து, எங்கள் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். விருந்தாளி யார் வந்தாலும் அந்த இடத்தில்தான் அவர்களுக்கு வடை வைப்பாள்.

சிவாவுக்கும் யாழினிக்கும் இப்போது ஒரு மகள் இருக்கிறாள். அப்பா வர நேரமானால், "கிராணி தாத்தா எழுதிட்டாரா?" என்று கேட்கிறாளாம். (நான் அவளுக்குத் தாத்தா இல்லை. பயத்தில் வைத்த பெயர்.) தோட்டத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால், நான் போய் நலம் விசாரிப்பதை யாரும் விரும்புவதில்லை. பேனாவை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் எனக்கே நிமோனியா வந்து தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கொஞ்சம் மோசமாகத்தான் இருந்தது. கமலா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அப்போது பார்வதி அக்கா பஸ் பிடித்து வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஒங்க பொஸ்தகத்துல நீங்க எந்தப் பக்கத்துல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியல தம்பி. அதான் கடேசிப் பக்கத்தையே கிழிச்சுட்டேன். இனிமே ஒங்களுக்கு முடிவு கெடையாது. பயப்படாம தின்னுங்க."

பிரித்தேன். அந்தக் கடைசித் தாளுக்குள் மசால் வடை, இன்னும் சூடாக.